நான்கு மணி நேரத் தூரம்

நாளை தம்பி சிங்கப்பூரிலிருந்து வருகிறான். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு! அம்மா இன்றே மீனுக்குச் சொல்லிவைத்துவிட்டார்.

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வான்வழியில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அதனால் அங்கே காலை 8 மணிக்குக் கிளம்புகிறவன் இங்கே ஒன்பதரைக்கெல்லாம் இறங்கிவிடுவான். போகும்போது நேர்மாறு: காலை எட்டுக்கு ஏறினால் அங்கே பிற்பகல் இரண்டரை.

இந்தக் கணக்குக்காகவே அம்மா, தம்பியின் பழைய கைக்கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்துக்குத் திருப்பி, அடுப்பங்கரைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். வார் வெடித்துவிட்டது, முள் மட்டும் தவறுவதில்லை. அதைப் பார்த்துத்தான் "இந்நேரம் சாப்பிட்டிருப்பான்" என்பார்.

தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியபோது போய்ச்சேரவே ஒரு வாரம் ஆனதாம். கடிதம் வரும்வரை வீட்டில் யாருக்கும் ஒரு தகவலும் கிடையாது. பாட்டி அந்த நாட்களை எப்படித்தான் கடத்தினாரோ!

திருச்சியிலிருந்து மன்னார்குடிக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தஞ்சாவூர் தாண்டியதும் அழைக்கச் சொல்லியிருக்கிறேன். அப்போதுதான் அம்மா உலை வைப்பாராம்.