ராகு கேதுவுக்கு ரெண்டு சுற்று

தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. அத்தை ஊரிலிருந்து கொண்டுவந்த கோடாலித் தைலம் முக்கால் பாட்டில் தீர்ந்துவிட்டது. மெட்ரோவில் என் பக்கத்து சீட்டில் மூன்று நாளாக யாரும் உட்காரவில்லை. மிலான்காரர்களுக்குக் கோடாலித் தைலத்தின் அருமை தெரியவில்லை, போகட்டும்.

எல்லாம் அந்த பியாங்கியால் வந்தது. வீட்டுக்காரி 'உங்க சின்ன வீடு' என்று பெயர் வைத்திருக்கிறாளே, அதே சைக்கிள்தான். நொவேக்ரோ பழைய சாமான் சந்தையில் 280 யூரோவுக்கு வாங்கியது. பின் கியரில் 'பேட்டண்ட்-79' என்று பொறித்திருக்கிறது. சைக்கிள் பாகங்கள் செய்யும் காம்பன்யோலோக்காரன் அந்தக் காலத்தில் இப்படி வருஷத்தைக் குத்தி அனுப்பினான் என்பதால் வண்டியின் வயதை ஓரளவு ஊகிக்கலாம். வீட்டுக்காரியைவிட ஐந்து வயது மூத்தது. இதை அவளிடம் ஒரு தகவலாகத்தான் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி உப்புமா.

மாமா வந்து இறங்கிய அன்றே வண்டியைப் பார்த்துவிட்டார். யூரோவை நூறால் பெருக்குவதுதான் அவருக்கு இங்கே முழுநேர வேலை. சூப்பர் மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கட்டு விலையைப் பெருக்கிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தவர். சைக்கிளை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"28 ஆயிரமா? ஸ்டாண்டு இல்ல, கேரியர் இல்ல, மட்கார்டு இல்ல, பெல்லுகூட இல்ல. இல்லாததுக்கெல்லாம் காசு கொடுத்திருக்கீங்க, மாப்பிள்ளை."

அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனியில் 31 வருஷம் இருந்த மனுஷர். அவரிடம் போய் பிரேமில் இருக்கும் கொலம்பஸ் கம்பெனிக் குழாய், அதன் புறா ஸ்டிக்கர் என்றெல்லாம் பேச முடியுமா? நான் பேசினேன். 1885-இல் எதோவார்தோ பியாங்கி மிலானில் ஆரம்பித்த கம்பெனி மாமா, இந்த நிறத்துக்கு செலெஸ்தே என்று பெயர், மார்கரீத்தா ராணியின் கண் இந்த நிறம் என்கிறார்கள், இல்லை மிலான் வானத்து நிறம் என்கிறார்கள், பட்டாளத்துக்கு அடித்த பெயின்ட் மீந்துபோய்க் கலக்கியது என்றும் சொல்கிறார்கள் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கவர்மெண்டு ஆஸ்பத்திரி செவுரு."

அத்தைக்கு மட்டும் நிறம் பிடித்திருந்தது. இதே கலரில் ஒரு காட்டன் புடவை எடுத்து, ரெண்டு துவையலில் சாயம் போனதாம்.

இதற்கு நடுவில் முன் சக்கரத்தை மாமா இறக்கை நட்டு மாதிரி சுற்றிச் சுற்றி இறுக்கி வைத்திருந்தார். சக்கரத்தின் அச்சு முனையில் இருக்கும் கைப்பிடியை மடக்கிப் பூட்ட வேண்டும், சுற்றக்கூடாது. காம்பன்யோலோ கம்பெனியை ஆரம்பித்த துல்லியோ காம்பன்யோலோ பனி கொட்டும் கணவாயில், விரல் விறைத்துப்போய், இறக்கை நட்டைக் கழற்ற முடியாமல் ரேஸைக் கோட்டை விட்டாராம். அந்த ஆத்திரத்தில்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று இங்கே சைக்கிள் ஓட்டுகிற அத்தனை பேரும் கதை சொல்வார்கள். 1930-இல் காப்புரிமையாம். 95 வருஷம் கழித்து அம்பத்தூர்க்காரர் ஒருவர் அதைத் திரும்பவும் இறக்கை நட்டாக்கிவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் டஸ்கனியில் இருக்கும் காயோலே ஊருக்குப் போய் லெரோய்க்கா என்கிற பழைய சைக்கிள் ஓட்டத்தில் ஓட்ட வேண்டும் என்பது என் மூன்று வருஷக் கனவு. 1987-க்கு முந்தைய சைக்கிள் வேண்டும், கியர் நெம்புகோல் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும், பிரேக் ஒயர் ஹேண்டில்பாருக்கு வெளியே தொங்க வேண்டும் என்று அங்கே ஆயிரம் ஆசாரம். மாமாவிடம் சொன்னதும், "அப்ப என்னையும் சேத்துப்பான். நான் 52 மாடல்" என்றார். வண்டி என்னவோ மிதிக்கும்போதெல்லாம் 'கடக், கடக்' என்றது. பி.பி.-யில்தான், அதாவது பெடல் அச்சு சுழல்கிற குழாயில்தான் கோளாறு. நான் நாலு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்க்கலாம் என்றேன். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. ஓவராயில் என்றால் முழு ஓவராயில். உள்ளே இருக்கிற கடைசி பால்ரஸ் வரை வெளியே வர வேண்டும்.

சனிக்கிழமை சாப்பாடு முடிந்து நிலவறைக்கு இறங்கினோம். மணி ஒன்று. எங்கள் கட்டடத்தில் மதியம் ஒன்று முதல் மூன்று வரை ஊசி விழும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. கேட்டால் இரண்டாம் மாடி சைலன்ஸ் தாத்தா லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டுவார். போன தீபாவளிக்கு அத்தனை கம்பி மத்தாப்பும் சத்தமே இல்லாமல் கொளுத்தியும் ஒட்டினாரே, அவர்தான்.

பி.பி.யில் பால்ரஸைத் தாங்குகிற கப் பக்கத்துக்கு ஒன்று. இடப் பக்கக் கப் சமர்த்தாகக் கழன்றது. பால்ரஸ் பக்கத்துக்குப் பதினொன்று, மொத்தம் 22. மாமா சாம்பார் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிப் போட்டார். (கிண்ணம் நம்முடையது. கழுவி வைத்துவிட்டேன்.) அச்சு வந்தது. வலப் பக்கக் கப்தான் மிச்சம்.

"வலது பக்கம் எதிர் மரை. ஞாபகம் இருக்குல்ல?" என்றார் மாமா. இருக்காதா? வலமாகச் சுற்றினால் கழலுகிற மரை. நம் ஊரில் பெடலுக்குக் கால் எட்டாத பையனுக்குக்கூடத் தெரியும். பெரிய போல்ட் ஒன்றைக் கப் வழியாக விட்டு, ரெண்டு வாஷர் கொடுத்து, நட்டு போட்டு முறுக்கினார். இறுக்க இறுக்க போல்ட் கப்பைக் கவ்விப் பிடிக்கும். அதற்கு மேலும் அதே பக்கம் சுற்றினால் எதிர் மரைக் கப் தானாகக் கழன்று வரும். இறுக்குவதும் கழற்றுவதும் ஒரே திசை. நான் சொக்கிப்போனேன்.

வரவில்லை.

மறுபடி எண்ணெய் விட்டோம். தட்டினோம். ஹேர் டிரையரால் சூடு காட்டினோம். ஸ்பேனருக்கு நீளம் பத்தவில்லை என்று மேலே ஓடி வாக்குவம் கிளீனர் குழாயைக் கழற்றிவந்து மாட்டினேன். மாமா ஒரு முனை, நான் ஒரு முனை. 'ம்ம்' என்று இழுத்தோம். குழாய் வாழைத்தண்டு மாதிரி வளைந்தது. இந்தக் குழாய் விவகாரம் வீட்டுக்காரிக்கு இன்னும் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள் என்பதால் இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றேகால் மணி நேரம். மாமாவின் பனியன் கறுப்பாகிவிட்டது. "இத்தாலிக்காரன் எருமைப் பாலு குடிச்சுட்டு இறுக்கியிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே சுத்தியலை ஓங்கினார். அப்போதுதான் கதவில் நிழல்.

சைலன்ஸ் தாத்தா. வீட்டுச் செருப்பு, பெல்ட் போட்ட பேன்ட், கையில் செல்லோடேப். நோட்டீஸ் ஒட்டக் கிளம்பியவர் நேரில் திட்டிவிட்டே போகலாம் என்று வந்திருக்கிறார். வாயைத் திறந்தவர் சைக்கிளைப் பார்த்தார். ஸ்பேனரைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். அப்புறம் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"மா நோ! பாஸ்ஸோ இத்தாலியானோ!"

"என்ன பாஸ் பண்ணணுமாம்?" என்றார் மாமா.

தாத்தா பதில் சொல்லவில்லை. பேன்ட் பாக்கெட்டிலிருந்து இஸ்திரி போட்ட கைக்குட்டையை எடுத்தார். குனிந்து, கப்பின் முகத்தில் அப்பியிருந்த கறுப்பு கிரீஸை ஒரே வழிப்பாக வழித்தார். பொடி எழுத்து பளபளவென்று வந்தது: 36 × 24.

அதாவது 36 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 மரை. இத்தாலி மரை. இரண்டு பக்கமும் நேர் மரை. இங்கிலீஷ்காரன்தான் வலது பக்கம் எதிர் மரை வைத்தான். ஒன்றேகால் மணி நேரமாக நாங்கள் கப்பைக் கழற்றவில்லை. இறுக்கிக்கொண்டிருந்தோம். அதுவும் போல்ட் போட்டு, சூடு காட்டி, வாக்குவம் கிளீனர் குழாய் வைத்து.

'முதல்ல தொடை, அப்புறம் ஸ்பேனரைத் தொடு' என்று எனக்கு நாலு நாளாகப் பாடம் எடுத்தவர் மாமா. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கு எனக்கு ஒரு மெடல் கொடுக்கலாம்.

மாமா லேசில் விடவில்லை. "இது தப்பு மாப்பிள்ளை. மிதிக்க மிதிக்க பால்ரஸ் உருண்டு வலது கப்பைக் கழட்டப் பாக்கும். அதுக்குத்தானே பி.எஸ்.ஏ.காரன் எதிர் மரை வெச்சான்? துப்பாக்கி செஞ்ச கம்பெனிங்க அது! இவருகிட்ட கேளுங்க, கழலுமா கழலாதான்னு." மொழிபெயர்த்தேன். தாத்தா மோவாயைத் தூக்கி, கையை விரித்து, கழலும்தான் என்று ஒப்புக்கொண்டார். அதனால்தான் பேய்த்தனமாக இறுக்கிவிடுவோம் என்றார். எந்த மரை கழலும் என்பதில் சமரசம் ஏற்பட்டுவிட்டது. எங்கள் இருவருக்கும்தான் ஏற்கெனவே கழன்றுவிட்டது என்று தாத்தா நினைத்திருப்பார், மரியாதைக்குச் சொல்லவில்லை.

தாத்தாவின் நிலவறையில் ஒரு வைஸ் இருக்கிறது. ஆட்டுரல் கனம். பிரேமைப் படுக்கப் போட்டு, கப்பின் இரண்டு பட்டைகளையும் வைஸ் வாயில் கொடுத்து இறுக்கினார். இனி ஸ்பேனரே வேண்டாம், பிரேமையே சுற்ற வேண்டியதுதான். செக்கு மாதிரி. மாடுகள் நாங்கள் இருவர்.

தாத்தா கையால் திசை காட்டினார். மாமா நகரவில்லை.

"என்ன மாமா?"

"இடமா சுத்தச் சொல்றாரு."

"ஆமாம்."

"வலமாத்தான் சுத்தணும். அப்பிரதட்சணம் ஆகாது."

நம் எதிர் மரை சைக்கிளை இப்படி வைஸில் மாட்டினால் பிரதட்சணமாகத்தான் சுற்ற வேண்டியிருக்கும், யோசித்துப் பார்த்தேன். இத்தாலிச் சைக்கிளுக்கு நேர்மாறு. இதை எந்த இத்தாலியச் சொல்லை வைத்துத் தாத்தாவுக்கு விளக்குவது? அவர் நான்கு தடவை காற்றில் வட்டம் போட்டுக் காட்டினார். கடைசியில் மாமாவே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"நவக்கிரகத்துல ராகு கேதுவுக்கு மட்டும் ரெண்டு சுத்து இடமா வர்றது உண்டு. அந்தக் கணக்குல வெச்சுக்கிறேன்."

சுற்றினோம். "பியானோ, பியானோ" என்றார் தாத்தா. இந்த நேரத்தில் என்ன வாத்தியம் என்று மாமா முறைத்தார். மெதுவாக என்று அர்த்தம் மாமா. மெதுவாக, மெதுவாக, 'டப்' என்று ஒரு சத்தம். வைஸ் மேஜையே எகிறியது. ராகுவுக்கான முதல் சுற்றில் கால்வாசிகூட முடியவில்லை. கப் கழன்றுவிட்டது.

மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெண்மணி ஜன்னலைத் திறந்து கத்தினார். மணி இன்னும் மூன்று ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் புதுப் பால்ரஸ் போட்டுப் பூட்டினோம். பூட்டுவதற்கு முன்னால் மாமா என் மார்க்கரை வாங்கி, பி.பி. குழாயின் உட்பக்கத்தைத் துணியால் துடைத்து, விரல் நுழைகிற இடத்தில் சாய்வாக எழுதினார்: 'ரெண்டு பக்கமும் நேர் மரை. ஏமாறாதே.' கீழே தேதி. இதை இனி யார் திறந்து பார்ப்பார்கள் என்று கேட்டேன். "திறக்கிறவனுக்குத்தான்" என்றார்.

பின் சக்கரத்துக்குத்தான் சண்டை. மாமா அச்சில் பால்ரஸை நெருக்கிப் பிடிக்கிற கோனை ஆட்டமே இல்லாமல் நிறுத்தினார். தாத்தா ஒரு மயிரிழை தளர்த்தினார். மாமா இறுக்கினார். தாத்தா தளர்த்தினார். பிறகு சக்கரத்தைப் பிரேமில் மாட்டி அந்தக் கைப்பிடியை மடக்கிப் பூட்டினார். பூட்டுகிற அழுத்தத்தில் அச்சு நூலளவு சுருங்குமாம், அந்த மயிரிழை ஆட்டம் காணாமல் போய்விடுமாம். மாமா ரிம்மைப் பிடித்து ஆட்டினார். ஆடவில்லை. சுற்றிவிட்டார். சத்தமே இல்லாமல் ஓடியது. திரும்பக் கழற்றி, அச்சின் இரண்டு முனையையும் விரலால் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு உருட்டிப் பார்த்தார். அப்புறம் சக்கரத்தைத் தாத்தாவிடம் கொடுத்தார். அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

லெரோய்க்காவுக்கு வண்டி தயார். 'கடக்' சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. அது சீட்டிலிருந்து வந்திருக்கிறது.

இன்று புதன். நான் வீட்டிலிருந்தே வேலை. இதை எழுதும்போது மணி இரண்டு பத்து. கீழேயிருந்து சுத்தியல் சத்தம். தாத்தா நாற்பது வருஷமாகப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைத்திருந்த லெஞ்ஞானோ சைக்கிளை நேற்று வெளியே எடுத்துவிட்டார். லிஃப்டில் மூன்றாம் மாடிப் பெண்மணியின் நோட்டீஸ் தொங்குகிறது, 'மதிய நேரத்தில் முதியவர்கள் இருவர்' என்று. இப்போதுதான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். நடுவில் நின்று மொழிபெயர்க்கப் பார்த்தேன், இருவருமே கண்டுகொள்ளவில்லை. திரும்பும்போது மாமா மட்டும் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, அந்த வாக்குவம் கிளீனருக்கு இன்னொரு குழாய் இருந்துச்சே?"