பூச்சி பொட்டுக்கு ஒரு குறுக்கெழுத்து

பூச்சி பொட்டுகளை வைத்தே ஒரு குறுக்கெழுத்து போடலாமென்று உட்கார்ந்ததும் முதலில் வெட்டியது மாவுப்பூச்சி, தத்துப்பூச்சி, மூட்டைப்பூச்சி மூன்றையும்தான். கடைசி நாலு கட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றே என்றால் யார் மூளையைக் கசக்குவார்கள்?

தமிழில் சொல்லோடு சொல் கோர்ப்பது பெரும்பாடு. ‘ன’ வரிசை பொருந்தினால் போதாது, ‘னி’யேதான் வேண்டும். செடியில் மொய்க்கும் அசுவினியின் நாலாவது எழுத்தும், தண்ணீரில் வாழும் பொடி உயிரான டாப்னியாவின் மூன்றாவது எழுத்தும் அதே ‘னி’! கட்டம் ஐந்துக்கு ஐந்து. ‘சு’வில் கொசு மேலிருந்து இறங்கியது. ‘யா’வில் கரையானை நுழைக்கப் பார்த்தால் கொசு ‘கொசுக’ ஆகிவிடுகிறது. அங்கே பொருந்தியது யானைதான். இருக்கட்டும். ‘இடம் மாறி வந்த பெரியவர் (2)’ என்று குறிப்பு எழுதிவிட்டேன்.

அசுவினிக்கு ‘கொழுந்தில் சாறு உறிஞ்சும்’ என்று மட்டும்தான் முதலில் இருந்தது. அத்தை செடிப்பேன் என்று எழுதப்போய், கட்டம் ஒன்று குறைகிறதே என்று சண்டைக்கு வந்தார். இப்போது: ‘27 நட்சத்திரங்களில் முதல்வள், அவரைக் கொழுந்திலும் குடியிருப்பாள் (4)’.

குறிப்புக்காக மாடியிலிருக்கும் அவரைக் கொடியை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கொழுந்தின் அடியில் ஒரு அசுவினி குஞ்சு ஈன்றுகொண்டிருந்தது. முட்டையும் இல்லை, ஆண் துணையும் தேவையில்லை. பின்பக்கம் முதலில் வெளியே வந்த குஞ்சு, காலை உதறிக்கொண்டு தாயின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டது. இன்னொன்றின் முதுகை எறும்பு தடவித் தடவி, சுரந்த இனிப்புத் துளியை வாங்கிக்கொண்டு போனது. இத்தனையையும் ஒரு வரிக் குறிப்பில் எப்படி அடைப்பது!

டாப்னியாவுக்கு: ‘பட்டப்பெயர் நீர்த்தெள்ளு, பிறப்பால் இறாலுக்கு உறவு, கண்ணாடி உடம்புக்குள் இதயம் துடிப்பது தெரியும் (4)’. மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் சட்டென்று பிடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு யானையின் ‘யா’ கைகொடுக்கும்.

கொசுவுக்கு ‘ஆண் பூந்தேனோடு நிறுத்திக்கொள்ளும், பெண் நம்மிடம் வரும் (2)’. அசுவினியின் ‘அ’விலிருந்து கீழே அந்து, ‘அரிசி டப்பாவைத் திறந்தால் பறக்கும் (3)’. அதன் ‘து’விலிருந்து குறுக்கே தும்பி: ‘மேலிருந்து கீழ் 1, இதன் இளம்பருவத்துக்கு நீருக்கடியில் இரை (3)’. மேலிருந்து கீழ் 1 டாப்னியாதான். ஒரு விடை இன்னொரு விடையைத் தின்பதால் எனக்கு மிகவும் பிடித்த குறிப்பு இதுதான்.

பேனுக்கு ‘பெருமாளாக்கிவிடுவார்கள் (2)’, ஈருக்கு ‘இழு என்றாலும் தலையில்தான் இருக்கும் (2)’ என்று தயாராக வைத்திருக்கிறேன். இடம்தான் இல்லை. அடுத்தது ஏழுக்கு ஏழு. எறும்புக்கும் அதில் இடமுண்டு.