புல் அறுக்க மலையேறியவர்கள்

ஜாவாவின் மெராபி எரிமலை 2010 அக்டோபர் 26 அன்று சீறத் தொடங்கியபோது, நான் ஒரு நிவாரண அமைப்பில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்துவந்தேன். நவம்பர் இரண்டாம் வாரத்தில் என்னை அங்கே அனுப்பினார்கள். யோக்யகர்த்தா விமான நிலையத்தைச் சாம்பலின் காரணமாக மூடிவிட்டதால், வேறோர் ஊரில் இறங்கிச் சாலை வழியாகப் போய்ச் சேர்ந்தேன். எரிமலைச் சாம்பல் என்றதும் அடுப்புச் சாம்பலைப்போல இருக்கும் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அது பாறையும் கண்ணாடியும் பொடிந்த துகள். விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தால் நறநறக்கும். மழையில் நனைந்தால் ஈரச் சிமென்ட்போலக் கனத்துக் கூரைகளை அமுக்கிவிடும்.

மெராபியின் தெற்குச் சரிவில் உள்ள சாங்க்ரிங்கான் வட்டாரம் கறவை மாடுகளின் ஊர். எரிமலை மண்ணில் புல் செழிக்கும். குளிர்ந்த காற்று கலப்பினப் பசுக்களுக்கு ஒத்துக்கொள்ளும். அங்குள்ள குடும்பங்களுக்கு மாடுதான் சேமிப்பு, அன்றாடக் கூலி, பிள்ளைகளின் படிப்புச் செலவு எல்லாம். ஆனால் நாங்கள் கொண்டுபோயிருந்த நிவாரணப் படிவத்தில் குடும்பத்தில் எத்தனை பேர், வயது என்ன, நோய் உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தோமே தவிர, மாடு உண்டா என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. அந்த விடுபாட்டின் விலை என்ன என்பது முகாமுக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

முதல் வெடிப்புக்கு முந்தைய நாளே எச்சரிக்கை மிக உயர்ந்த நிலைக்கு ஏற்றப்பட்டு, மலையுச்சியிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசித்தவர்களைக் கீழே இறங்கச் சொல்லியிருந்தார்கள். பலர் இறங்கவும் செய்தார்கள். ஆனால் இரவில் முகாமில் படுத்தவர்கள் பொழுது விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் மேலே போய்ப் பால் கறந்து, புல் அறுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். பசித்த மாடு கத்தும் என்பதையும், கறக்காத மடி கட்டிக்கொள்ளும் என்பதையும் அறிந்த எவராலும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நவம்பர் 5 அன்று நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், 1872-க்குப் பிறகு அந்த மலை காணாத பெரிய வெடிப்பு நிகழ்ந்தது. நெருப்பாய்ச் சுடும் வாயுவும் பாறைத் துகள்களும் கலந்த மேகம் கெண்டோல் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வரை பாய்ந்தது. உருண்டு திரண்டு வரும் அந்த மேகத்தை ஜாவானியர்கள் ‘வெதுஸ் கெம்பெல்’ என்கிறார்கள். சுருள் ரோமச் செம்மறி என்று பொருள். மக்கள் தங்கக் கூடாத வளையத்தை அன்றே 20 கிலோமீட்டராக விரித்தார்கள். மொத்தத்தில் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் இடம்பெயர்ந்தனர். 350-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உரிய நேரத்தில் மக்களை வெளியேற்றியதால் 10,000 முதல் 20,000 உயிர்கள் வரை காக்கப்பட்டதாக எரிமலை அறிஞர்கள் மதிப்பிட்டார்கள்.

இறங்க மறுத்தவர்களுள் மலைக்கு உரிய சடங்குகளைச் செய்துவந்த மரபுக் காவலரான முதியவர் எம்பா மரிஜானும் ஒருவர். கினாரெஜோவில் தம் வீட்டிலேயே அக்டோபர் 26 மாலை அவர் இறந்தார். அதை மூடநம்பிக்கை என்று பலர் என்னிடம் சொன்னார்கள். நான் அப்படிக் கருதவில்லை. 2006 வெடிப்பின்போதும் அவர் இறங்க மறுத்தார், பிழைத்தார். கண்ணெதிரே ஒருமுறை மெய்யான அனுபவத்தை நம்பி மனிதர்கள் முடிவெடுப்பது இயல்புதான்; மலைதான் இம்முறை வேறு விதமாக நடந்துகொண்டது.

முகாமில் கால்நடை மருத்துவம் பார்ப்பவரைப் ‘பாக் மந்திரி’ என்று மரியாதையாக அழைப்பார்கள். மூன்றாம் நாள் ஒரு பெரியவர் என்னிடம் வந்து, “பாக் மந்திரி, ஒரு மணி நேரம் போதும், என் மாட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். நீங்கள் சொன்னால் காவலர்கள் விடுவார்கள்” என்றார். நான் சொல்லவில்லை. மறுநாள் மீட்புக் குழுவினர் லாரியில் இறக்கிய மாடுகளுள் அவருடையதும் இருந்தது. காம்புகள் வெந்து, காய்ந்த தோல்போல விறைத்திருந்தன. பின்னங்கால் குளம்பின் விளிம்பு பிரிந்திருந்தது. நான் மடியைக் கழுவி மருந்து தடவிய நேரம் முழுதும் அவர் பசுவின் விலாவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். அதே லாரியில் வந்த இரண்டு மாடுகளைக் காப்பாற்ற வழியில்லாமல் நானே ஊசி போட்டு முடிக்க வேண்டியிருந்தது.

பிழைத்தவற்றுக்குத் தீவனம் பெரும்பாடாயிற்று. சாம்பல் படிந்த புல் மாட்டின் பல்லைத் தேய்க்கும், இரைப்பையில் தங்கும். சில எரிமலைகளின் சாம்பலில் ஃபுளூரைடு நஞ்சும் உண்டு. ஆகவே ஒவ்வொரு புல்கட்டையும் உதறி, தண்ணீரில் அலசிய பிறகே போடச் சொன்னோம். குடிநீரே வரிசையில் நின்று பிடிக்கும் இடத்தில் புல்லை அலசும் பெண்களைச் சிலர் கடிந்துகொண்டார்கள். ஆனால் அவர்கள் நிறுத்தவில்லை.

மாடுகளை விலைக்கு வாங்கிக்கொள்வதாக அரசு அறிவித்தது. நல்ல எண்ணந்தான். ஆனால் நாள்தோறும் பால் தரும் பசுவை ஒருமுறைப் பணத்துக்குக் கொடுக்கப் பலர் தயங்கினார்கள். மூங்கிலும் தகரமும் கொண்டு முகாமருகே நாங்கள் ஒரு பொதுக் கொட்டகை போட்ட பிறகுதான் மாற்றம் தெரிந்தது. மாடு கீழே வந்துவிட்ட வீட்டுக்காரர்கள் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளை எடுப்பதை விட்டார்கள். என் பணிக்காலத்தில் நான் செய்த மிகப் பயனுள்ள வேலை அந்தக் கொட்டகை என்றே இன்றும் நினைக்கிறேன்.

பத்தாண்டு கழித்து, 2020 நவம்பரில் மெராபியின் எச்சரிக்கை நிலை மீண்டும் உயர்ந்தபோது, க்ளகாஹர்ஜோ கிராமத்தின் மேற்புறத்திலிருந்து முதியோர், குழந்தைகள், கர்ப்பிணிகளோடு மாடுகளையும் வண்டியேற்றி இறக்கினார்கள் என்று அங்குள்ள பழைய சக பணியாளர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். கொட்டகை முன்பே தயாராக இருந்ததாம். புல்லுக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன்.

“அது இன்னும் மேலேயிருந்துதான்” என்றார். “பகலில் போய் அறுத்து வருகிறார்கள்.”