இருபத்தெட்டு கெட்டாத பிள்ளை

மார்த்தாண்டத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. சவூதியில் பதினோரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு வந்து போட்ட கடை. இரண்டு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், சுவரோடு ஒட்டி ஒரு பெஞ்சு. செமஸ்டர் பரீட்சை நெருங்கினால் பி.ஏ. இங்கிலீஷ் பிள்ளைகள் கூட்டமாக வரும். எல்லார் கையிலும் ஒரே நோட்ஸ். யாரோ எப்போதோ எழுதியது. நகல், நகலுக்கு நகல் என்று போய்ப் போய் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவல் கற்பிக்கும் நீதிகள், அஞ்சு பக்கம்.

எத்தனை நூறு தடவை அந்தத் தாள்களை அடுக்கி பின் அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. அடிக்கும்போது கண் தானாக வாசிக்கும். நீதி ஒன்று: கடவுளின் வேலையை மனிதன் செய்யக் கூடாது. இரண்டு: அளவுக்கு மீறிய ஆசை அழிவைத் தரும். மூன்று: உருவத்தைப் பார்த்து எடை போடாதே. நாலு: பழிவாங்குகிறவன் தானும் அழிவான். அஞ்சாவது நீதி இருக்கும் இடத்தில் மெஷினின் கறுப்புப் பட்டை விழுந்து ஒன்றும் தெரியாது. அதைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நாலு நீதியோடு பாஸ் ஆகிவிடுகிறார்கள்.

போன வருடம் என் மகளும் அதே பாடத்துக்கு வந்து சேர்ந்தாள். நோட்ஸ் வீட்டிலேயே இருக்கிறதே என்று நினைத்தேன். அவள் புத்தகத்தையே வாங்கிக்கொண்டு வந்தாள். ஜூன் மாதம், விடாத மழை. எழுபது சென்ட் ரப்பர் வைத்திருக்கிறேன். அந்த வருடம் மரங்களுக்கு மழைக்காப்பு பிளாஸ்டிக் ஒட்டவில்லை, அதனால் பால்வெட்டும் இல்லை. காலையில் செய்ய வேலை இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தேன். என் இங்கிலீஷ் டெலிவரி நோட்டும் இன்வாய்சும் படித்து வளர்ந்த இங்கிலீஷ். பென்சிலும் மகளின் அகராதியுமாக முடிக்க ஒரு மாதம் ஆனது.

அந்தக் கதையும் மழையில் பிறந்ததுதான். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததில், அடுத்த வருடம் ஐரோப்பாவுக்குக் கோடைகாலமே சரியாக வரவில்லை. குளிர், மழை. ஜெனீவா ஏரிக்கரையில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த கூட்டத்தில், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று கவிஞர் பைரன் கிளப்பிவிட்டார். இந்த நாவலை எழுதிய மேரியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார், அப்போது அவருக்கு 18 வயது. மேரி ஷெல்லி என்று நாம் சொல்லும் பெயர்கூட அந்த வருடக் கடைசியில் கல்யாணம் ஆன பிறகு வந்ததுதான். புத்தகம் 1818 ஜனவரியில் வெளிவந்தது, எழுதியவர் பெயர் இல்லாமல்.

வாசித்தபோது எனக்கு முதலில் தூக்கிவாரிப்போட்ட இடம் பேய் வரும் இடம் அல்ல. விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்ற படிக்கிற பையன், ஏறத்தாழ இரண்டு வருடம் ஊண் உறக்கம் இல்லாமல் உழைத்து, எட்டடி உயரத்தில் ஒரு உருவத்தைச் செய்கிறான். நவம்பர் மாதம், நடுராத்திரி ஒரு மணி, வெளியே மழை. அந்த உருவம் தன் மஞ்சள் கண்ணைத் திறக்கிறது. உடனே இவன் ஓடிப்போய் தன் அறையில் படுத்துக்கொள்கிறான். கெட்ட கனவு கண்டு விழித்தால், அது கட்டில் திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஏதோ குழறுகிறது. சிரிக்க முயல்கிறது. ஒரு கையை நீட்டுகிறது. பிடித்து நிறுத்த நீட்டியதாக்கும் என்று இவன் நினைத்து, படியிறங்கி ஓடி முற்றத்தில் விடிய விடிய நிற்கிறான். மறுநாள் நண்பனோடு திரும்பி வந்து பார்த்தால் அறை காலி. சனியன் தொலைந்தது என்று சந்தோஷத்தில் கை தட்டுகிறான்.

கை தட்டுகிறான் என்ற அந்த வரியில் பென்சிலை அழுத்திக் கோடு போட்டதில் தாள் கிழிந்துவிட்டது. மகள் திட்டினாள். பிறந்த பிள்ளை முதன்முதலாகக் கை நீட்டிச் சிரித்திருக்கிறது, அவ்வளவுதானே?

ஒரு சாயங்காலம் கரன்ட் போயிருந்தது. அம்மா மரச்சீனிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, கத்தி பிடித்த கை மட்டும் நடுங்காது. சும்மா இருக்கிற நேரம்தானே என்று கதையைச் சொன்னேன். செத்தவர்களின் உறுப்புகளைச் சேர்த்து உயிர் கொடுத்தான் என்றதும் அம்மா பயப்படவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. ஓடிப்போனான் என்று சொன்ன இடத்தில் கத்தி நின்றது.

“பேரு இட்டானா மக்களே?”

“இல்லம்மா. கடைசி வரைக்கும் அதுக்குப் பேரே இல்ல.”

“இருபத்தெட்டு கெட்டலியா?”

எங்கள் பக்கம் பிள்ளை பிறந்து இருபத்தெட்டாம் நாள் இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டுவார்கள். அன்றைக்கு வீட்டில் நாலு பேர் கூடி, பிள்ளையைக் கையில் வாங்கி, பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அம்மாவின் கணக்கில் அது நடந்தால்தான் பிள்ளை இந்த வீட்டுப் பிள்ளை. “அப்பறம் அது எப்படிலே மனுசனா இருக்கும்?” என்று கேட்டுவிட்டு மறுபடி தோலுரிக்க ஆரம்பித்தாள்.

நோட்ஸில் அந்த உருவத்தையே ஃபிராங்கன்ஸ்டைன் என்றுதான் எழுதியிருக்கிறது. அது தப்பு, அது செய்தவனின் குடும்பப் பெயர் என்று என் மகள் விவரமாகச் சொன்னாள். உலகம் பூராவும் அப்படித்தான் சொல்கிறதாம். எனக்கு அதில் பெரிய தப்பு தெரியவில்லை. நம்மூர் வழக்கப்படி அதற்கு இனிஷியல் மட்டும் இருக்கிறது, பேர் இல்லை.

அந்த இருபத்தெட்டு கெட்டு விஷயத்தில் எனக்கு ஒரு முள் உண்டு. என் மகள் பிறந்தபோது நான் தம்மாமில் இருந்தேன். பேரை போனில் சொன்னேன். லைன் கரகரத்ததில் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. கயிறு கட்டியது என் அம்மா. நான் முதன்முதலாகப் பிள்ளையைப் பார்த்தபோது அதற்கு இரண்டே கால் வயது. பெட்டியிலிருந்து ஒரு பொம்மையை எடுத்துக் கையை நீட்டினேன். அது அலறிக்கொண்டு அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டது. ராத்திரி, “இந்த மாமன் எப்ப போவாரு?” என்று பாட்டியிடம் கேட்டதாம். கட்டில் திரையைத் தூக்கி நின்ற அந்த உருவத்தை வாசித்தபோது அப்பன் எந்தப் பக்கம், பிள்ளை எந்தப் பக்கம் என்று எனக்கே கொஞ்ச நேரம் குழப்பமாகிவிட்டது.

சரி, கதைக்கு வருகிறேன். விட்டுப்போன அந்தச் சீவன் ஒரு ஏழைக் குடும்பத்தின் வீட்டோடு ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொள்கிறது. சுவர் இடுக்கு வழியாகப் பார்த்தே பேச்சு பழகுகிறது, எழுத்தும் படிக்கிறது. முதலில் அவர்கள் சாப்பாட்டில் கொஞ்சம் திருடித் தின்கிறது. அவர்களுக்கே போதவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டு, காட்டில் பழமும் கிழங்கும் தேடித் தின்கிறது. ராத்திரியில் விறகு வெட்டி வந்து அவர்கள் வாசலில் போடுகிறது. காலையில் கதவு திறந்து பார்க்கிற அவர்கள் ஏதோ நல்ல ஆவி என்று நினைக்கிறார்கள். பார்வை இல்லாத கிழவரிடம் மட்டும் அது தைரியமாகப் போய்ப் பேசுகிறது, அவரும் பிரியமாகப் பேசுகிறார். அதற்குள் மகன் வந்து கம்பால் அடித்துத் துரத்துகிறான். நோட்ஸின் மூன்றாவது நீதி இங்கிருந்து எடுத்ததுதான். தப்பில்லை. ஆனால் விறகைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதற்காக அதை நல்லவன் என்று நான் சொல்லவரவில்லை. விக்டரின் குட்டித் தம்பியை அது கழுத்தை நெரித்துக் கொல்கிறது. அதோடு விடவில்லை. வீட்டு வேலைக்காரப் பெண் ஜஸ்டின் மேல் பழி விழும்படி செய்கிறது. “சின்னப் பிள்ளைய கொன்னா அது பாவந்தான், பேரு இடாததுக்கு அதையும் சேத்து மன்னிக்க முடியாது” என்று அம்மாவே தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

ஆனால் அந்த வழக்கில் எனக்கு ஆத்திரம் வந்தது விக்டர் மேல்தான். கொன்றது யார் என்று அவனுக்கு உள்ளுக்குள் நிச்சயமாகத் தெரியும். வெளியே சொன்னால் பைத்தியக்காரன் என்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டு இருக்கிறான். பாதிரியார் நரகத்தைச் சொல்லி மிரட்டியதில், செய்யாத கொலையைச் செய்ததாக அந்தப் பெண் ஒப்புக்கொள்கிறாள். தூக்கில் போடுகிறார்கள். அவள் தூக்குக்குப் போக, இவன் தன் மனவேதனை அவளுடையதைவிடப் பெரியது என்று பக்கம் பக்கமாகப் புலம்புகிறான். ஆபீஸ்களில், குடும்பங்களில், நான் வேலை பார்த்த கேம்பில்கூட இப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பையன் தலையில் ஸ்டாக் குறைவைக் கட்டி ஊருக்கு அனுப்பியபோது உண்மை தெரிந்த நாலைந்து பேரில் நானும் ஒருவன். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

முதல் நீதிக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1831-இல் திருத்திய பதிப்பு வந்தபோது, படைத்தவனின் வேலையைப் போலி செய்யும் மனித முயற்சி பயங்கரமாகத்தான் முடியும் என்று மேரியே முன்னுரையில் எழுதியிருக்கிறார். நோட்ஸ் எழுதினவர் முன்னுரையோடு நின்றுவிட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஏனென்றால் கதையில் விக்டர் ஒரு கப்பலில் சாகும் நேரத்தில், பேராசையை விட்டு நிம்மதியைத் தேடு என்று கப்பல் தலைவனுக்கு உபதேசம் செய்கிறான். அடுத்த மூச்சிலேயே, நான் தோற்றால் என்ன, இன்னொருவன் ஜெயிக்கலாமே என்றும் சொல்கிறான். தன் நடத்தையை யோசித்துப் பார்த்ததில் குற்றம் ஒன்றும் தெரியவில்லை என்று அதற்கு முன்பே சொல்லியாகிவிட்டது. அவனே நம்பாத நீதியை நம் பிள்ளைகள் பத்து மார்க்குக்கு எழுதுகிறார்கள்.

மேரியைப் பெற்ற சில நாளிலேயே அவள் அம்மா இறந்துபோனாள். மேரியின் முதல் குழந்தை, குறைமாதத்தில் 1815-இல் பிறந்தது, இரண்டு வாரம்கூடத் தங்கவில்லை. சில நாள் கழித்து டைரியில் ஒரு கனவை எழுதிவைத்திருக்கிறாள்: குழந்தைக்குக் குளிர்தானாம், நெருப்பின் பக்கத்தில் வைத்துத் தேய்த்துவிட்டதும் உயிர் வந்துவிட்டதாம். இதைப் படித்த பிறகு அந்த நவம்பர் ராத்திரியை எனக்கு விஞ்ஞானக் கதையாக வாசிக்க முடியவில்லை.

என் அம்மாவிடமே ஒரு கதை இருந்தது. சின்ன வயதில் கோயில் கொடைக்குப் போய் வில்லுப்பாட்டில் கேட்ட நீலி கதை. நகைக்கு ஆசைப்பட்டு ஒருத்தன் தன்னை நம்பி வந்தவளை, தூங்கும்போது கொன்றுபோட்டான். சாட்சிக்குக் கள்ளிச்செடி மட்டும். அவள் நீலியாக வந்தாள், கள்ளிக்கொம்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு. பழி தீர்த்தாள். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தலில், காற்றாலைகளுக்கு நடுவே இசக்கியம்மனாக இருப்பதும் அவள்தான் என்பது அம்மாவின் கணக்கு. அங்கே பிள்ளை இல்லாதவர்கள் தொட்டில் கட்டுவார்கள். “நம்ம ஊரா இருந்தா அதுக்கும் ஒரு பீடம் போட்டு, வருசத்துக்கு ஒரு கொடை குடுத்திருப்பாவ. அது அடங்கி இருந்திருக்கும்” என்றாள். எனக்கு அதிலும் ஒரு சங்கடம். கொல்லும்போது சும்மா இருந்துவிட்டு அப்புறம் பீடம் போடுவதும் ஜஸ்டின் வழக்கில் விக்டர் அழுதது மாதிரிதான். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

கரன்ட் வந்தது. கிழங்கு அடுப்பில் ஏறியது. சாப்பிடும்போது அம்மா கேட்டாள், “கடைசியில அது என்ன ஆச்சு?”

விக்டர் கப்பலில் செத்துப்போன பிறகு அவன் உடம்பின் பக்கத்தில் நின்று அது அழுதது, இனி வட துருவத்துக்குப் போய்ச் சிதை அடுக்கித் தன்னையே எரித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு பனிக்கட்டி மேல் ஏறி இருட்டுக்குள் போய்விட்டது என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் கிழங்கைப் பிட்டுக்கொண்டே இருந்தாள்.

“ஒரே பனின்னு சொன்னியே. அங்க விறகுக்கு எங்க போவும்?”