ஒரு பவுன் ஈயம்

பக்கத்து வீட்டுப் பாட்டி தேங்க்ஸ்கிவிங்குக்கு மகன் வீட்டுக்குப் போகும்போது பூனையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் சாவியைக் கொடுத்தார். பூனைச் சாப்பாடு இந்த டப்பாவில் இருக்கிறது, தண்ணீரைத் தினம் மாற்றிவிடு, ஜன்னலோரச் செடிக்கு ரொம்ப ஊற்றாதே, அப்புறம் கட்டிலுக்குப் பக்கத்து டிராயரில் பாயின்ட் 38 ரிவால்வர் இருக்கிறது, ஐந்து தோட்டாவும் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், நீ இங்கே இருக்கும்போது ஏதாவது சத்தம் கேட்டால் எடுத்துக்கொள். செடியிலிருந்து ரிவால்வருக்கு வரும்போது அவர் குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. எங்கள் ஊரில் வெளியூர் போகிறவர்கள் சாவியைக் கொடுத்தால் மாட்டுக்குத் தண்ணி காட்டணும், வெள்ளிக்கிழமை விளக்கு ஏத்தணும், வாசல்ல ரெண்டு இழுப்பு கோலம் போட்டுடு ஆயி என்பார்கள். அந்தப் பூனைக்குச் சாப்பாடு வைத்த நாட்களில் நான் அந்தப் படுக்கையறைப் பக்கமே போகவில்லை.

நான் ஒரத்தநாடு பக்கத்துக்காரி. டெக்சாஸில் ஹூஸ்டனுக்கு மேற்கே, ஊர் முடிந்து புல்வெளி தொடங்குகிற இடத்தில் வீடு. நர்ஸ் வேலை, பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். கிரீன் கார்டு வந்தது, வீடு வாங்கியாயிற்று, பிள்ளைகளுக்கு இந்த ஊர்ப் பேச்சே வாய்ப்பேச்சாகிவிட்டது. பழகிவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் கணவர் வேலைக்காக வெளியூர் போகிற வாரங்களில், எனக்கு ஷிஃப்ட் இல்லாத இரவுகளில், காட்டுப்பன்றி வேலியை முட்டுகிற சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்தால் எனக்கு ஞாபகம் வருவது ஊர்த் திண்ணைதான். கதவைத் திறந்து போட்டுவிட்டுத் திண்ணையில் வரிசையாகப் படுத்திருப்போம். ஒரு குரல் கொடுத்தால் தெருவே எழுந்து வரும். இங்கே 911-க்குக் கூப்பிட்டால் ஷெரிஃப் வண்டி வர நேரமாகும் என்று அந்தப் பாட்டியே சொல்லியிருக்கிறார்.

துப்பாக்கியைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது அப்படித்தான். எங்கள் பக்கத்தில் பிறந்தவளுக்கு அது சுலபமான யோசனை இல்லை. சின்ன வயதில் பார்த்தது சுருள் கேப் போடும் தீபாவளித் துப்பாக்கியும், அறுப்பு முடிந்த வயலில் மடையானும் கொக்கும் தேடிப் போகிற நரிக்குறவர் தோளில் தொங்கும் நாட்டுத் துப்பாக்கியும்தான். அதற்கு மேல் துப்பாக்கி என்றால் மிராசுதார் வீடு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்களே, அன்றைக்கு வந்தவர்கள் கையிலும் துப்பாக்கி இருந்தது. அம்மாவுக்கு அப்போது விவரம் தெரிந்த வயது. அந்தச் சொல்லையே வீட்டில் எடுக்க விடமாட்டார்.

பக்கத்தில் நின்று பார்த்தது ஒன்றே ஒன்று. குறுவைக்கு நாற்று விடும் நேரத்தில் வளையலைக் கழற்றி மஞ்சள் பைக்குள் சுருட்டிக்கொண்டு அம்மா வங்கிக்குப் போவார், நானும் ஒட்டிக்கொள்வேன். வாசலில் காவல் நிற்பவர் எங்கள் மாமா, அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் இரட்டைக்குழல் துப்பாக்கி, நெஞ்சுக்குக் குறுக்கே தோட்டா பெல்ட். சிவப்புத் தோட்டாக்களின் பித்தளை அடிப்பாகம் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து மின்னும். நகைக்கடன் வரிசை நகரும்வரை நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

சரி, கடைக்கு வருகிறேன். இங்கே விளையாட்டுச் சாமான் கடையில் கால்பந்து, தூண்டில், கூடாரம் எல்லாம் தாண்டிப் போனால் பின்பக்கம் துப்பாக்கி கவுண்டர். தோட்டாப் பெட்டிகள் அலமாரி அலமாரியாக. கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், 4473 என்கிற மத்திய அரசுப் படிவத்தை நிரப்ப வேண்டும், கடைக்காரர் அப்போதே பின்னணி விசாரணைக்கு அனுப்பிவிடுவார். கிரீன் கார்டுக்காரர்களுக்குத் தடை இல்லை. எச்1பி விசாவில் இருப்பவர்கள் பொதுவாக வாங்க முடியாது, வேட்டை உரிமம் மாதிரி ஒரு விலக்கு கையில் இருக்க வேண்டும். எங்கள் கும்பகோணத்து நண்பர் ஒருவர் அதற்காகவே வேட்டை உரிமம் எடுத்து வைத்திருக்கிறார். அவர் வீட்டில் முட்டைகூடச் சமைப்பதில்லை.

என்னைக் கொதிக்க வைத்தது அந்தக் கவுண்டர்தான். நான் கேட்டேன், பதில் என் தோளுக்கு மேலே என் கணவருக்குப் போனது. "உங்கள் மனைவிக்கு இது சரியாக இருக்கும்" என்று ஒரு குட்டித் துப்பாக்கியை எடுத்து வைத்தார். பாயின்ட் 380; பாயின்ட் என்று தொடங்கும் எண்கள் குண்டின் அகலத்தை ஏறக்குறைய அங்குலத்தில் சொல்பவை. முந்நூறு கிராம்கூட இல்லை, உள்ளங்கைக்குள் அடங்குகிறது, பிடி ரோஸ் நிறம். பெண் கை சின்னது, ஆகவே சின்னத் துப்பாக்கி, ஆகவே சின்னத் தோட்டா. அடுத்த கவுண்டரில் ஒரு கிழவிக்கு எடை குறைந்த பாயின்ட் 38 ரிவால்வரை அதே பேச்சோடு காட்டிக்கொண்டிருந்தார்கள்.

இது எவ்வளவு தப்பு என்பது சுட்டுப் பழகுகிற இடமான ரேஞ்சுக்குப் போனால் தெரியும். அங்கே துப்பாக்கியை வாடகைக்குக் கொடுக்கிறார்கள், தோட்டாவை மட்டும் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். தோட்டா முன்னால் போகிற வேகத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னால் உதைத்தே ஆகும், அந்த உதையை வாங்கிக்கொள்வது துப்பாக்கியின் எடை. எடையைக் குறைத்தால் மிச்ச உதை முழுக்க மணிக்கட்டுக்கு வரும். அந்த முந்நூறு கிராம் குட்டி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள சதையில் அறைந்த அறை இரண்டு நாள் வலித்தது. அதோடு சின்னத் துப்பாக்கியில் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு சின்னது, அதைத் தாங்க உள்ளே ஸ்பிரிங் கடினமாக இருக்க வேண்டும், இழுத்துத் தோட்டா ஏற்றுவதற்கே முழங்கை வலு வேண்டும். குழல் குட்டை, குறிமுனைகளுக்கு நடுவே இடைவெளி கம்மி, அதனால் குறியும் சீக்கிரம் தப்பும். நன்றாகப் பழகியவர்கள் சட்டைக்குள் மறைத்து எடுத்துப்போகச் செய்த பொருள் அது. அதை ஒருநாளும் சுட்டிராத பெண்ணிடம், நீ பெண் என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிடுகிறார்கள். வாங்கியவள் ஒருதரம் சுட்டுப் பார்த்துப் பயந்து டிராயரில் போட்டுவிடுவாள், ஆபத்துக்கு எடுக்கும் அன்றைக்குத்தான் இரண்டாம் தரம் தொடுவாள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

தோட்டாவை நானாகத்தான் கற்றுக்கொண்டேன். பெட்டிமேல் எடையை கிரெய்னில் போட்டிருக்கிறார்கள், தோட்டாவின் நுனியில் இருந்து பறந்து போகிற குண்டின் எடை. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். 9 எம்.எம். பெட்டியில் 124 என்று பார்த்ததும் போனில் கணக்குப் போட்டேன்: 8 கிராம். தங்கத்தில் சொன்னால் சரியாக ஒரு பவுன். அதற்கப்புறம் எல்லாப் பெட்டியும் எனக்குப் பவுனாகத்தான் தெரிந்தது. பாயின்ட் 22, 40 கிரெய்ன், ஒரு குட்டித் தோடு. பாயின்ட் 380, 95 கிரெய்ன், முக்கால் பவுன். பாயின்ட் 38 ஸ்பெஷல், 158 கிரெய்ன், ஒன்றேகால் பவுன். பாயின்ட் 45, 230 கிரெய்ன், இரண்டு பவுனுக்கு ஒரு கிராம் சொச்சம் குறைவு. அம்மா வளையலைத் தராசில் வைக்கும்போது எட்டிப் பார்த்த பழக்கம், எடையைச் சொன்னால் கை உடனே புரிந்துகொள்கிறது.

எடை மட்டும் இல்லை, வேகமும் சேர்ந்துதான். 9 எம்.எம்.மின் ஒரு பவுன் விநாடிக்கு 350 மீட்டர் வாக்கில் போகும், ஒலியைவிடச் சற்று வேகம். 45-இன் இரண்டு பவுன் 260 மீட்டர் வாக்கில்தான், ஆனால் கனத்தோடு போய் இடிக்கும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குக் கூடினால் நம்மூர் ஆண்களிடம் இந்தச் சண்டை ஓய்வதே இல்லை. 45 வைத்திருப்பவர்கள் 9 எம்.எம்.மைப் பொடித் தோட்டா என்பார்கள். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யே இந்த வட்டத்தைச் சுற்றி வந்திருக்கிறது. 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்.பி.ஐ. ஆட்கள் செத்துப்போனார்கள், 9 எம்.எம். குண்டு ஆழம் போகவில்லை என்று பெரிய தோட்டா தேடினார்கள். அந்தத் தேடலில் 1990-இல் பாயின்ட் 40 வந்தது, ஊர்ப்பட்ட போலீஸ் அதற்கு மாறியது. கால் நூற்றாண்டு கழித்து எஃப்.பி.ஐ. திரும்ப 9 எம்.எம்.முக்கே வந்துவிட்டது. குண்டுகளின் செய்நேர்த்தி கூடிவிட்டது, உதை கம்மி, அதனால் குறி தப்புவது குறைவு என்பதுதான் காரணம். நான் பிரியாணித் தட்டோடு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ரேஞ்சில் 600 கிராம் எடையுள்ள கிளாக் 19 என்கிற 9 எம்.எம். கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டபோது என் கை அதை ஏற்றுக்கொண்டது. ஏழு கெஜத்தில் தாளில் குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. காதில் பஞ்சு அடைப்பான், அதற்கு மேல் கவசம், அப்படியும் பக்கத்து வரிசையில் சுடுவது நெஞ்செலும்பில் கேட்டது. சுட்ட தோட்டாவின் வெற்றுப் பித்தளைக் கூடு வலப்பக்கம் தெறித்து, ஒன்று சட்டைக் காலருக்குள் விழுந்து சுட்டது. தீபாவளி வாசனை வரும் என்று மூக்கு தானாகவே காத்துக்கொண்டிருந்தது. வரவில்லை. இந்த மருந்தில் கந்தகம் கிடையாதாம். திரும்பி வரும் வழி முழுக்க எங்கள் தெருவில் விடியற்காலை எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற ஞாபகம்தான்.

வீட்டுச் சுவர் இன்னொரு கவலை. இங்கே அறைக்கும் அறைக்கும் நடுவே இருப்பது இரண்டு ஜிப்சம் பலகை, நடுவில் காற்று. நம் ஊர்ச் செங்கல் சுவர் இல்லை. 9 எம்.எம். ஒரு சுவரைத் தாண்டிப் பிள்ளைகள் அறைக்குள்ளும் போகும். பயிற்சிக்கு முழுச் செப்பு உறை போட்ட குண்டும், வீட்டுக்கு நுனி குழிந்து உள்ளே போனதும் விரிகிற குண்டும் வாங்கச் சொல்வது இதனால்தான். விரிகிற குண்டும்கூடக் குறி தப்பினால் சுவரைத் துளைக்கத்தான் செய்யும். எந்தப் பக்கம் பிள்ளைகள் படுக்கிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொண்டுதான் எதையும் யோசிக்க வேண்டும்.

போன ஜூனில் ஊருக்குப் போனபோது மாமாவைப் பார்க்கப் போனேன். திண்ணையில் சாய்வு நாற்காலி, காது கொஞ்சம் மந்தம். எல்லாவற்றையும் சொன்னேன். 9 எம்.எம். என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாங்க கார்பைன்ல, அந்தக் குட்டைத் துப்பாக்கில, சுட்டது பூரா அதே தோட்டாதான் பாப்பா. நம்ம ஊர்ல சாதாரண ஆளுக்கு அது கிடையாது, 32 போர், அதாவது குழல் அளவு, அதுக்குத்தான் லைசென்சு. அதுக்கே கலெக்டர் ஆபீசுக்கு நடையா நடக்கணும், எலெக்சன் வந்தா ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைக்கணும்."

கடைக்காரர் குட்டித் துப்பாக்கியைத் தள்ளிவிடப் பார்த்ததைச் சொன்னேன். மாமா சிரிக்கவில்லை. "லேசா இருந்தா ஒதைக்கும். பேங்க்ல எங்கிட்ட இருந்தது மூணு கிலோ, அதான் 12 போரையே தோள் தாங்கிச்சு. உனக்கு எது கைக்கு நிக்குதோ அதை வாங்கு. கடைக்காரனா வந்து சுடப்போறான்?" இத்தனை மாதமாக நான் ஒரு மனிதர் வாயிலிருந்து கேட்கக் காத்திருந்த பேச்சு அது, கேட்கக் கிடைத்தது ஒரத்தநாட்டில்.

வண்டியில் எடுத்துப் போகலாமா என்றும் கேட்டேன். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து உரிமம் இல்லாமலே எடுத்துப் போகலாம், ஆனால் மருத்துவமனைக்குள் கொண்டுபோகச் சட்டம் விடாது, ஆக இரவு முழுக்க அது பார்க்கிங்கில் காருக்குள் கிடக்க வேண்டும். மாமா கையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று. காரில் கிடக்கிற துப்பாக்கி திருடனுக்கு வாங்கி வைத்தது. எனக்கும் அதே எண்ணம்தான். வாங்கினால் வீட்டுக்கு மட்டும், அதுவும் சுவர்க் கட்டையில் முடுக்கிய இரும்புப் பெட்டிக்குள். பிள்ளைகள் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தால் இங்கே அதுவே தனிக் குற்றம்.

அதுவரை காபி ஆற்றிக்கொண்டிருந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "பொட்டிய எங்க வைக்கப்போற?" என்றார். படுக்கையறை அலமாரிக்குள் என்றேன். "சாவிய ஆணியில மாட்டாத. நகைச் சாவி மாதிரி இடுப்புலயே வச்சுக்க." சாவி இல்லை, விரலை வைத்தால் திறக்கும் பெட்டி என்றேன். அதில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை, கரண்டு போனா என்ன பண்ணுவ என்று கேட்டார். பேட்டரி என்றேன். பேட்டரி தீந்தா? அதற்கு ஒரு சாவி உண்டு என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. "பாத்தியா, அதத்தான் சொல்றேன்."

அப்புறம் பேச்சு தண்ணீர் பக்கம் போய்விட்டது. மேட்டூர் திறந்தும் எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் வந்து சேரவில்லை, நாற்று காத்திருக்கிறது, முறை வைத்து விடுகிறவர்களிடம் மாமா இன்னொரு தரம் போய்ப் பேச வேண்டும் என்று அம்மா சொன்னார். நானும் வருகிறேன் மாமா, காலையில் கிளம்பலாமா என்று கேட்டேன்.