கார்ப்பல் டனல் ஆபரேஷனுக்கு அப்புறம் என் வலது கை

ஆபரேஷன் ஆன மறுநாள் காலையில் கண் விழித்தபோதுதான் உறைத்தது, ராத்திரி நான் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. இரண்டு வருஷமாக எனக்கு அப்படி ஒரு ராத்திரி வாய்க்கவில்லை. இரண்டு மணி, மூன்று மணிக்கெல்லாம் வலது கை மரத்துப்போய் எரிய ஆரம்பித்து எழுப்பிவிடும், எழுந்து உட்கார்ந்து கையை உதறி உதறி, கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கொஞ்சம் உயிர் வந்ததும் திரும்பப் படுத்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடியும் அதே கதை. கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு அன்று காலை அழுதுவிட்டேன். காயம் வலிக்கத்தான் செய்தது, ஆனால் அது வெட்டின இடத்து வலி, மாத்திரைக்கு அடங்குகிற வலி.

நான் தையல் வேலை செய்கிறவள். நாள் முழுக்கக் கத்தரிக்கோலும் ஊசியும் கையில் இருக்கும், அதனால் வலிப்பது சகஜம் என்றே ரொம்ப நாள் இருந்துவிட்டேன். டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "சுண்டு விரல் மரத்துப்போகுதா?" என்றுதான். யோசித்துப் பார்த்தால் சுண்டு விரலுக்கு ஒன்றுமே இல்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் மோதிர விரலில் நடுவிரல் பக்கத்துப் பாதி மட்டும். ஒரே விரலில் பாதி மரத்தும் பாதி நன்றாகவும் இருக்குமா என்று எனக்கு ஆச்சரியம். மீடியன் நரம்பு என்று கைக்கு வருகிற ஒரு நரம்பு, அது போகிற வழி அப்படி. மணிக்கட்டில் மூன்று பக்கம் எலும்பும் மேலே தடித்த நார்ப்பட்டையுமாக ஒரு குறுகலான பாதை இருக்கிறது, அதுதான் கார்ப்பல் டனல், அதற்குள் விரல்களை மடக்குகிற 9 தசைநாண்களும் இந்த ஒரு நரம்பும் போகின்றன. உள்ளே வீங்கினால் நசுங்குவது நரம்புதான்.

சர்க்கரையும் தைராய்டும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று இரண்டுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், எனக்கு இரண்டும் இல்லை. ராத்திரியில் மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஸ்பிளிண்ட் போட்டுப் பார்த்தேன், ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், சில மாதம் நன்றாக இருந்து திரும்ப வந்தது. நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் டெஸ்ட்டில் பாதிப்பு அதிகம் என்று வந்தது. அதற்குள் கட்டை விரலுக்குக் கீழே இருக்கும் சதை மேடு இடது கையைவிட வற்றியிருந்தது. அந்தச் சதை ரொம்ப வற்றிவிட்டால் ஆபரேஷன் செய்தாலும் முழுசாகத் திரும்பாமல் போகலாம் என்று சொன்னதும் சரி என்று ஒத்துக்கொண்டேன். இன்னும் ஒரு வருஷம் முன்னால் போயிருக்க வேண்டும், அந்த வருத்தம் எனக்கு இப்போதும் உண்டு.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கைக்கு மட்டும் மரத்துப்போகிற ஊசி, நான் முழித்துத்தான் இருந்தேன், கால் மணி நேரத்தில் முடிந்தது. உள்ளங்கையின் அடியில் சின்னதாக வெட்டி, அந்த நார்ப்பட்டையை அறுத்துவிடுகிறார்கள். அறுத்த இடம் கொஞ்சம் அகலமாகவே திரும்பச் சேர்ந்து ஆறும், அதனால் நரம்புக்கு இடம் கிடைக்கிறது.

முதல் இரண்டு வாரம் எனக்குச் சொன்னது மூன்றே விஷயம்தான்: கை நெஞ்சுக்கு மேலே இருக்கட்டும், கட்டு நனையக் கூடாது, விரல்களை அன்றைக்கே அசைக்க ஆரம்பிக்க வேண்டும். மூன்றாவதைத்தான் நான் பயந்து பயந்து செய்தேன். விரலை மடக்கினால் தையல் பிரிந்துவிடுமோ என்று. பிரியாது, அசைக்காவிட்டால்தான் வீங்கி இறுகிப்போகும். இடது கையால் பல் தேய்க்கலாம், சாப்பிடலாம், ஆனால் சட்டைப் பொத்தான் போடுவதும் தலை பின்னுவதும் என்னால் ஆகவில்லை, மகள்தான் பின்னிவிட்டாள். 12ஆம் நாள் தையல் பிரித்தார்கள்.

எனக்கு யாரும் சரியாகச் சொல்லாத பகுதி அதற்கு அப்புறம்தான் வந்தது. காயம் ஆறிவிட்டது, பார்க்க ஒரு கோடு மட்டும் இருக்கிறது, ஆனால் நாற்காலியில் உள்ளங்கையை ஊன்றி எழுந்தால் உயிர் போகிறது. தழும்பில்கூட இல்லை, அதற்கு இரண்டு பக்கமும், உள்ளங்கையின் அடி மேட்டில், எலும்புக்குள் யாரோ அழுத்துகிற மாதிரி ஆழமான வலி. நான்காவது வாரம் ஆபரேஷனே தப்பாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். பிசியோதெரபி அம்மா கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரே இருக்கு, பில்லர் பெயின்னு சொல்லுவோம், நிறையப் பேருக்கு வரும், மாசக் கணக்குல குறையும்" என்றார். கட்டை விரல், சுண்டு விரல் இரண்டின் தசைகளும் அந்த நார்ப்பட்டையில்தான் பிடித்திருக்கின்றனவாம், அதை அறுத்த பிறகு எல்லாம் புதுசாகப் பழக வேண்டியிருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் பத்து நாள் தூக்கம் கெட்டிருக்காது. அதனால்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

அதற்குள் நானும் ஒரு தப்பு செய்திருந்தேன். மூன்றாவது வாரம், வலி இல்லையே என்று தண்ணீர் நிறைந்த வாளியை வலது கையால் தூக்கிவிட்டேன். நாலு நாள் உள்ளங்கை வீங்கிக் கிடந்தது. சிவந்து சூடாகி, சீழோ காய்ச்சலோ வந்தால் உடனே வரச் சொல்லியிருந்தார்கள், நல்லவேளை அதெல்லாம் இல்லை.

தழும்பைத் தேய்த்துவிடுவதை நான் விடவே இல்லை. காயம் முழுசாக மூடின பிறகு கிரீம் தடவி, கட்டை விரலால் அழுத்தி வட்டமாக, அப்புறம் குறுக்கே, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. முதலில் தழும்பு தோலுக்கு அடியில் நூல்கண்டு மாதிரி தடித்து இருந்தது, துணி பட்டாலே கூசியது. மெத்தென்ற பருத்தித் துணியில் ஆரம்பித்து, சொரசொரப்பான துண்டு வரைக்கும் தினமும் உரசிப் பழக்கினேன். கூச்சம் போகவே ஒரு மாதம் ஆயிற்று. விரல்களுக்கு ஒரு பயிற்சி: நேராக நீட்டுவது, கொக்கி மாதிரி மடக்குவது, முழு முஷ்டி, திரும்ப நேராக. தசைநாண்கள் ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கி ஓடத்தான் அது.

மரத்துப்போனது மட்டும் தன் வேகத்தில்தான் வந்தது. ராத்திரி எரிச்சல் முதல் நாளே போய்விட்டது, ஆனால் ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு தோல் மூடியிருப்பது போலவே இருந்தது. சேதமான நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும் என்றார்கள். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை என் கையை ஸ்கேலால் அளந்து பார்த்தேன், ஆறு மாதத்துக்கு மேல் வந்தது. கணக்கு தெரிந்த பிறகு மனசு அடங்கியது.

வேலைக்கு ஒரே நாளில் திரும்பவில்லை. மூன்றாவது வாரம் மிஷினில் துணியை நகர்த்துவது மட்டும், அரை மணி நேரம். ஆறு வாரத்துக்கு அப்புறம் கனம் தூக்க ஆரம்பித்தேன். ஈரத்துணியைப் பிழிய இரண்டரை மாதம். கத்தரிக்கோல்தான் கடைசி, ஏனென்றால் அதன் பிடி சரியாக அந்த வலிக்கிற மேட்டில்தான் உட்காரும். பிடியில் துணியைச் சுற்றி, ஒற்றைத் துணியை மட்டும் வெட்டி, நாலாவது மாதம்தான் பழையபடி மடிப்புத் துணி வெட்ட முடிந்தது.

ஐந்தாவது மாதம் ஒரு சாயங்காலம், மிஷினைப் பார்த்துக்கொண்டே டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவினேன். நாலு துளைப் பொத்தான் வேண்டும். விரலுக்கு முதலில் ஊக்கு பட்டது, அப்புறம் ஒரு பொத்தான், அதில் இரண்டே துளை, அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன். எடுத்து மேஜைமேல் வைத்த பிறகுதான், டப்பாவைப் பார்க்காமலே எடுத்திருக்கிறேன் என்று தெரிந்தது. மிஷினை நிறுத்திவிட்டு அந்தப் பொத்தானைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டே இருந்தேன்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. நடுவிரல் நுனியில் லேசாக மதமதப்பு இருக்கிறது, வற்றின சதை பாதிதான் ஏறியிருக்கிறது. இடது கை ஆபரேஷனுக்கும் அடுத்த மாதம் தேதி குறித்தாயிற்று, அதில் இன்னும் சதை வற்றவில்லை. பொத்தான் இல்லாத சட்டை நாலு தைத்து வைத்துவிட்டேன், வாளியைத் தூக்கிப் பரணில் போட்டாயிற்று.