"அப்பவே ஏன்டா சொல்லல?"

போன வருஷம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். முடி வெட்ட பையனை பைக்கில் பின்னால் உட்கார வைத்துப் போய்க்கொண்டிருந்தேன். அவனுக்கு அப்போது 12 வயது. என் ஒன்றுவிட்ட தம்பி வீட்டுத் தெருமுனை வந்ததும், "அப்பா, இந்தப் பக்கம் வேணாம்பா" என்றான். ஏன்டா என்று கேட்டேன். என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான். மூன்று வருஷம் முன்னால் அங்கே கணக்கு டியூஷனுக்குப் போனபோது அந்தச் 'சித்தப்பா' தன்னை என்ன செய்தான் என்று. நாலே வாக்கியம்தான்.

என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: "அப்பவே ஏன்டா சொல்லல?"

அதோடு அவன் வாயை மூடிக்கொண்டான். என்ன செய்வது என்று தெரியாமல் சலூனுக்கே போனோம், முடியும் வெட்டிக்கொண்டோம். கண்ணாடி வழியாக அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "சொன்னது நல்லதுடா கண்ணா, உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றாள். நான் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். நானோ அந்தத் தம்பியை வெட்டிப்போடுகிறேன் என்று கத்திக்கொண்டிருந்தேன். மனைவி பைக் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். பையன் கதவருகில் நின்று, "அப்பா ஜெயிலுக்குப் போயிடுவாராம்மா?" என்று கேட்டான். என் கோபம் அவனுக்குத் தைரியம் தரும் என்று நினைத்திருந்தேன். பயத்தைத்தான் கொடுத்திருக்கிறது.

மறுநாள் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு போன் செய்தேன். பேசிய பெண் அவசரப்படாமல் கேட்டார். அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள், திரும்பத் திரும்பத் துருவிக் கேட்காதீர்கள், பாட்டி, மாமா என்று ஆளாளுக்கு விசாரிக்க விடாதீர்கள் என்றார்.

பாட்டியைத் தடுப்பதுதான் பெரும்பாடு. "பையன்தானேடா, பொண்ணா? வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சிடலாம்" என்றார் என் அம்மா. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் ஆண், பெண் பேதம் கிடையாது, 18 வயது ஆகாத எல்லாரும் குழந்தைதான். தெரிந்தும் புகார் கொடுக்காமல் மறைப்பதே குற்றம், ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. இதைச் சொன்ன பிறகுதான் அம்மா அடங்கினார். மானம் போகும் என்ற பேச்சுக்கு என்னிடம் வேறு பதிலும் இல்லை.

மகளிர் காவல் நிலையம் என்றால் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன், அங்கேதான் போகச் சொன்னார்கள். வாசலில் இருந்தவர், "மூணு வருஷம் கழிச்சா?" என்று இழுத்தார். இந்த மாதிரிக் குற்றத்துக்கு அப்படிக் கெடு எதுவும் இல்லை என்று 1098-இல் சொல்லியிருந்ததால் நானும் விடவில்லை. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுத்தார்கள். வாக்குமூலம் வாங்க ஒரு பெண் எஸ்.ஐ. சுடிதாரில் வீட்டுக்கே வந்தார். சீருடை போடக்கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கிறதாம். பையன் அவரை டீச்சர் என்றே நினைத்தான்.

மருத்துவப் பரிசோதனையின்போது நான் கூடவே இருந்தேன். இத்தனை நாளுக்கப்புறம் உடம்பில் அடையாளம் எதுவும் இருக்காது, அதனால் வழக்கு நிற்காது என்று அர்த்தமில்லை என்று டாக்டரே சொன்னார். பிறகு மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம். இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்குப் பிரிவு 183, கோர்ட்டில் பழைய ஆட்கள் இன்னும் 164 என்றுதான் சொல்கிறார்கள். மாஜிஸ்திரேட் முதலில் கிரிக்கெட் பற்றிக் கேட்டாராம். வெளியே வந்தவன் பரோட்டா வேண்டும் என்றான், மூன்று சாப்பிட்டான்.

குழந்தைகள் நலக் குழு மூலமாக ஆதரவு நபர் என்று ஒருவரைக் கொடுத்தார்கள். எங்களுக்கு நிஜமாகக் கைகொடுத்தவர் அவர்தான். அடுத்து என்ன நடக்கும் என்பதை என்னிடம் சொல்வதற்கு முன் பையனிடம் சொல்வார். சாட்சி சொல்லும்போது அந்தச் சித்தப்பாவைப் பார்க்க வேண்டியிருக்காது, எதிர்த்தரப்பு வக்கீல் நேராக உன்னைக் கேட்கவும் முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்கணும் என்று அவர் விளக்கிய அன்று ராத்திரி பையன் நன்றாகத் தூங்கினான். ஒரு வருஷத்துக்குள் விசாரணையை முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். எங்களுடையது இன்னும் நடக்கிறது, அந்தத் தம்பி ஜாமீனில் இருக்கிறான். நாங்கள் ஸ்கூலுக்குச் சுற்றுவழியில் போகிறோம்.

அந்தக் கேள்வியை நான் மறுபடி கேட்கவே இல்லை. போன மாதம் கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு அவனாகவே சொன்னான்.

"நான் அப்பவே சொன்னேன்பா. டியூஷன் போற நேரமெல்லாம் வயிறு வலிக்குதுன்னு சொன்னேன்ல?"

சொன்னான். ஓமத் தண்ணீர் கொடுத்து, நானேதான் பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன்.

"ஆமாம்டா, சொன்னே" என்றேன்.